கூட்டி எழுதிய முப்பத்தெட்டு நிமிடம்

மார்ச் 4, செவ்வாய்

தம்பிக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. இது அலுவலக விஷயம். நீ போனை எடுக்கமாட்டாய் என்று தெரியும். இந்த ஒரு வருடத்தில் எத்தனை தடவை அடித்தேன் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். ஆனால் விமானத்தில் வரும் தபால் பையை நீதான் திறந்தாக வேண்டும். அந்த ஊர் விமான நிலையத்தில் அது உன் வேலை, இந்த ஊரில் என் வேலை. எந்தச் சண்டையும் அதை மாற்ற முடியாது.

விஷயம் இதுதான். மேலிடத்துக்குப் புது அதிகாரி ஒருவர் வந்திருக்கிறார். விமானத்தின் சக்கரம் தரையில் படும் நேரத்தை இனிமேல் கடிகாரத்தைப் பார்த்து எழுத வேண்டும் என்று உத்தரவு. நேற்று முதல் நாள். மாலை விமானம் உன் நிலையத்திலிருந்து 3:42-க்குக் கிளம்பியதாகச் செய்தி அனுப்பினாய். நான் ஜன்னலிலேயே நின்றேன். அது இங்கே இறங்கியது 4:40-க்கு. ஐம்பத்தெட்டு நிமிடம்! நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர் தூரத்துக்கு அந்த விமானம் முப்பத்தெட்டு நிமிடத்துக்கு மேல் என்றைக்கு எடுத்திருக்கிறது? மழையும் இல்லை, எதிர்க்காற்றும் இல்லை. கேப்டனைக் கேட்டால், "முப்பத்தெட்டுதாங்க, எப்பவும் போலத்தான் வந்தோம்" என்று சிரிக்கிறார். எரிபொருளும் முப்பத்தெட்டு நிமிடத்துக்கு உண்டானதுதான் குறைந்திருக்கிறது.

ஆகவே நீ கிளம்பிய நேரத்தைத் தப்பாக எழுதியிருக்கிறாய். திருத்தி அனுப்பு.

இருபது நிமிடத்தைத் தொலைப்பது உனக்குப் புதிதில்லை. அப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்த அன்றைக்கு 4:20-க்கு இறங்கினாய். நிலையத்திலிருந்து வீடு ஐந்து நிமிட நடை. 4:45-க்குத்தான் உள்ளே வந்தாய். அப்பா 4:38-க்குப் போய்விட்டார். எங்கேடா போயிருந்தாய் என்று கேட்டதற்கு, இன்றுவரை பதில் இல்லை.

அக்கா


மார்ச் 5, புதன்

அக்காவுக்கு,

நான் எழுதிய நேரம் சரி. சக்கரம் தரையை விடுவதைக் கண்ணால் பார்த்துத்தான் எழுதுகிறேன். பெட்டி ஏற்றுகிறவரும் பக்கத்தில் நின்றார், வேண்டுமானால் அவர் கையெழுத்தையும் வாங்கி அனுப்புகிறேன்.

எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. இறங்கும் நேரத்தைக் கடிகாரத்தைப் பார்த்து எழுத வேண்டும் என்று இப்போதுதான் உத்தரவு என்கிறாய். அப்படியானால் இத்தனை நாள் எதைப் பார்த்து எழுதினீர்கள்?

போன வருடம் அந்த நாளில் நீ வீட்டில் அப்பாவிடம் இருந்தாய். பதிவேட்டில் 4:20 என்று எழுதியது யார்?

தம்பி


மார்ச் 7, வெள்ளி

தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. மூன்றாவது தடவை உட்கார்ந்துவிட்டேன்.

உண்மையைச் சொல்கிறேன். நாங்கள் எதையும் பார்த்து எழுதியதில்லை. நீங்கள் கிளம்பிய நேரம் வரும், அதோடு முப்பத்தெட்டைக் கூட்டுவோம். இறங்கும் நேரம் என்று எழுதிவிடுவோம். விமானம் வரும்போது பெட்டி, ஏணி, தபால் பை, சக்கர நாற்காலி என்று ஆளாளுக்கு ஓடுகிற நேரம். கடிகாரத்தை யார் பார்ப்பது? தினமும் முப்பத்தெட்டுதானே என்று விட்டுவிட்டோம். இந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்ததே நான்தான். பதினோரு வருடம் ஆகிறது.

என் உதவியாளரைக் கூப்பிட்டேன். உனக்குத் தெரியும், நாங்கள் 'கண்ணாடி' என்று கூப்பிடுவோமே, அவர்தான். அன்றைக்குப் பதிவேடு அவர் கையில் இருந்தது. "போன வருஷம் இந்த 4:20-ஐ எதைப் பாத்து எழுதினீங்க?" என்றேன். திருதிருவென்று விழித்தார். "நீங்க சொல்லிக்குடுத்த மாதிரிதான் மேடம். நாற்பத்திரண்டும் முப்பத்தெட்டும் எண்பது, மணி நாலு இருபது. கூட்டல்ல ஏதும் தப்பா?" என்றார்.

கூட்டலில் ஒரு தப்பும் இல்லை, தம்பி.

அன்றைக்கு அவர் போனில் படித்துச் சொன்ன அந்த ஒரு வரியை நம்பித்தான் உன்னைப் பார்த்துக் கத்தினேன். அப்பா கிடந்த அறையின் வாசலில், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் நிற்க. தீர விசாரிப்பதே மெய் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான்.

ஆனால் இதில் ஒன்று இடிக்கிறது. விமானம் அன்றைக்கு 4:40-க்கு இறங்கியது என்றால் நீ அப்போதே அதைச் சொல்லியிருக்கலாமே? ஏன் வாயை மூடிக்கொண்டு நின்றாய்? ஏன் எதுவுமே சொல்லாமல் மறுநாளே திரும்பிப் போனாய்? உன் கைக்கடிகாரம் அப்போது என்ன மணி காட்டியது?

மன்னிப்பு கேட்க எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும். பழைய பதிவேட்டுக் கட்டுகளைப் பரணிலிருந்து இறக்கியதில் இடது தோள் பிடித்துக்கொண்டது. அதைத் தண்டனை என்று வைத்துக்கொள்.

அக்கா


மார்ச் 12, புதன்

அக்காவுக்கு,

என் கடிகாரம் 4:25 காட்டியது.

வீட்டுக்குள் நுழைந்து சுவரைப் பார்த்தேன், 4:45. நம் வீட்டுக் கடிகாரம்தான் வேகமாக ஓடுகிறது என்று நினைத்தேன். என் கணக்கில் நான் சரியான நேரத்துக்கு வந்துவிட்டேன். நீ "எங்கேடா போனே" என்று கத்தியபோது உனக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்றுகூடப் பயந்தேன். வழியில் நான் எங்கும் நிற்கவில்லை. ஓடித்தான் வந்தேன்.

வாயை மூடிக்கொண்டதற்கு வேறு காரணம் இருக்கிறது. ஊமை கண்ட கனவு மாதிரி அது ஒரு வருடமாக உள்ளேயே கிடக்கிறது. இதைப் படித்துவிட்டு என்னை மருத்துவரிடம் அனுப்பினாலும் சரி.

அன்றைக்கு என் பக்கத்து சீட் காலி. கிளம்பும்போது நானே பார்த்தேன். அரை மணி நேரம் போயிருக்கும், பணிப்பெண் தண்ணீர் வைத்துவிட்டு நகர்ந்தாள். அப்புறம் இயந்திரச் சத்தம் நின்றுவிட்டது. விழுகிறோம் என்று நினைத்தேன், விழவில்லை. நிமிர்ந்து பார்த்தால் எல்லோரும் தூங்குகிறார்கள். பணிப்பெண் நின்ற இடத்திலேயே, தண்ணீர்த் தட்டைப் பிடித்தபடி, கண்ணை மூடியிருக்கிறாள். என் கடிகாரத்தைப் பார்த்தேன். முள் நகரவில்லை.

அப்போது பக்கத்து சீட்டில் யாரோ பெல்ட்டைத் தேடி மாட்டுகிற சத்தம் கேட்டது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை, அக்கா. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் அந்த சீட் காலியாக இருக்கும் என்று எப்படியோ தெரிந்தது. "காது அடைக்குதுடா" என்று அப்பா குரல். "எச்சிலை முழுங்குங்கப்பா, சரியாயிடும்" என்றேன். அப்படித்தான் சொல்ல வந்தது. அப்புறம் ரொம்ப நேரம் பேசினோம். நான் குடிக்காமலே என் தண்ணீர்க் கப் காலியானது.

மறுபடி இயந்திரச் சத்தம் வந்தபோது கீழே உங்கள் ஓடுபாதை தெரிந்தது.

இதை எப்படி வாசலில் நின்று சொல்லுவேன்? அப்பா இறந்துகிடக்கிறார், நீ தலைவிரி கோலமாய் நிற்கிறாய், நான் "அப்பாகூட இப்பத்தான் பேசிட்டு வந்தேன்" என்று சொல்லவா?

தம்பி


ஏப்ரல் 17, வியாழன்

தம்பிக்கு,

ஐந்து வாரமாக எழுதாமல் இருந்ததற்குக் காரணம், நீ கதை கட்டுகிறாய் என்று முதலில் நினைத்ததுதான். அப்பா சாவை வைத்துச் சமாதானம் தேடுகிறான் என்று ஆத்திரம். அன்று ராத்திரி படுத்த பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. அதற்கப்புறம் பயத்தில் எழுதவில்லை.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கடைசி அரை மணி நேரத்தில் அறைக்குள் நானும் அப்பாவும் மட்டும்தான். அதுவரை "வந்துட்டானா, வந்துட்டானா" என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவர், 4:20 வாக்கில் சட்டென்று அமைதியாகிவிட்டார். கை இடுப்பைத் தடவியது. போர்வையை இழுக்கிறார் என்று நினைத்து இழுத்துவிட்டேன். தள்ளிவிட்டார். இரண்டு பக்கமும் எதையோ தேடி எடுத்து, நடுவில் வைத்து அழுத்தினார்.

அப்புறம் "காது அடைக்குதுடா" என்றார். காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று குனிந்து காதருகே பேசினேன். என்னைப் பார்க்கவே இல்லை. ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தேன். "வேண்டாம், இப்பத்தான் குடிச்சேன்" என்றார். காலையிலிருந்து ஒரு சொட்டு இறங்காதவர். நடுநடுவே சிரித்தார். 4:38-க்கு மூச்சு நின்றது.

பெல்ட் மாட்டியிருக்கிறார், தம்பி. நீ எழுதிய பிறகுதான் எனக்குப் புரிந்தது.

இன்னும் இருக்கிறது. இந்த ஆறு வாரமும் ஒரு விமானம் விடாமல் கடிகாரத்தைப் பார்த்து எழுதினேன். எல்லாம் முப்பத்தெட்டுதான், ஒன்றிரண்டு நிமிடம் முன்னே பின்னே. மூன்று விமானம் மட்டும் ஐம்பத்தெட்டு. அந்த மூன்று நாளும் விமானத்தோடு பேசும் வானொலியில் இருபது நிமிடம் வெறும் இரைச்சல். இறங்குகிறவர்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தங்கள் கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்க்கிறார்கள், திருத்திக்கொண்டு போய்விடுகிறார்கள். போன்கள் தானாகவே சரியாகிவிடுகின்றன. யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

மூன்றிலும் யார் வந்தார்கள் என்று விசாரித்தேன். முதல் நாள் ஒரு பள்ளி ஆசிரியை, ஆஸ்பத்திரியில் அம்மா. மார்ச் 27 காலையில் அண்ணன் தம்பி இருவர், மாமா. ஏப்ரல் 9 ஒரு லாரி ஓட்டுநர், மனைவி. அந்த அம்மா, மாமா, மனைவி மூன்று பேரும் விமானம் இறங்குவதற்குச் சற்று முன்புதான் இறந்திருக்கிறார்கள். சொந்தக்காரர்கள் வாசலில் காத்திருந்து செய்தியைச் சொன்னார்கள். வந்தவர்கள் யாரும் அலறவில்லை. லாரி ஓட்டுநரை வெளியே போய்ப் பிடித்தேன். "ரெண்டு நிமிஷம் முந்தியிருந்தா பாத்திருக்கலாமேப்பா" என்றேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "பாத்துட்டேன்மா. நல்லா பேசினா" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிட்டார்.

உன்னை ஒரு வருடம் பழி சுமக்க வைத்தேன். நீ அப்பாவோடு இருந்தாய், நான்தான் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவரோடு இல்லாமல் இருந்தேன். எனக்கு வராது என்று சொன்னேனே, அது இப்போது வருகிறது. என்னை மன்னித்துவிடு.

அப்பா என்ன பேசினார்?

அக்கா


ஏப்ரல் 21, திங்கள்

அக்கா,

உன் கடிதத்தை அலுவலகத்தில் படிக்க முடியவில்லை. ஓடுபாதையின் கோடிக்குப் போய், கம்பி வேலியில் சாய்ந்து நின்று படித்தேன். பெட்டிக்காரர் தேடிக்கொண்டு வந்து, "கண்ணுல தூசியா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். நல்ல மனுஷன், நம்பின மாதிரி போய்விட்டார்.

அப்பா பெரிதாக ஒன்றும் பேசவில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டிய காலத்தைப் பற்றித்தான். முப்பது வருடத்தில் ஒரு நாள்கூட ஒரு நிமிடம் பிந்தாமல் கொண்டுபோய் விட்டதாகப் பெருமை. "இவன் என்னடா, இப்படி நடுவானத்துல நிறுத்தி வச்சிருக்கான்" என்று கேப்டனைக் கிண்டல் செய்தார். கடைசியில் உன்னைப் பற்றிச் சொன்னார். "அவ கத்துவா. கத்தினா தனியா இருக்கான்னு அர்த்தம். நீ விட்டுட்டுப் போயிடாதே" என்றார். சரிப்பா என்றேன்.

அப்படிச் சொல்லிவிட்டு வந்து அரை மணி நேரம் ஆகவில்லை, நீ கத்தினாய். நான் மறுநாளே விட்டுவிட்டுப் போனேன். உன் மேல் கோபம் என்று ஊருக்குச் சொன்னாலும், ஒரு வருடமாகப் போனை எடுக்காததற்கு அந்த வெட்கம்தான் காரணம்.

வெள்ளிக்கிழமை மாலை விமானத்தில் வருகிறேன். ஒரு வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். தோள் எப்படி இருக்கிறது? ஆறு வாரத்துக்கு முன்னால் தூக்கிய கட்டுக்கு இன்னுமா வலிக்கும்? மருத்துவரிடம் காட்டு.

தம்பி


ஏப்ரல் 22, செவ்வாய்

டேய்,

வா, கண்டிப்பாக வா. ஆனால் பஸ்ஸில் வா. ஆறு மணி நேரம்தான், படுத்துத் தூங்கினால் தெரியாது.

ஏன் என்று கேட்காதே. சரி, நீ விடமாட்டாய், சொல்லிவிடுகிறேன். நீ விமானத்தில் ஏறினால் நான் இங்கே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். முப்பத்தெட்டு நிமிடத்தில் வந்துவிட்டால் நல்லது. வராவிட்டால்? நம் வீட்டில் சாவதற்கு இனி நான் ஒருத்திதானே பாக்கி! அந்த விடையை முன்கூட்டித் தெரிந்துகொண்டு நான் என்ன செய்யப் போகிறேன்?

சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன். தோளுக்கு மருந்து தடவுகிறேன். கொஞ்சம் முழங்கை வரைக்கும் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். திங்கட்கிழமை மருத்துவரிடம் போகலாம், நீயும் கூட வா. உன் அறையைத் துடைத்து, ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 23, புதன்

அக்கா,

திங்கட்கிழமை வரைக்கும் காத்திருக்காதே, இன்றைக்கே போ. வலி முழங்கைக்கு இறங்குவதைப் போய் அவ்வளவுதான் என்கிறாயே!

நான் விமானத்தில்தான் வருவேன். முதல் காரணம், ஆறு மணி நேரத்தைவிட முப்பத்தெட்டு நிமிடம் சின்னது. இரண்டாவதை எழுத எனக்குக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். விமானம் யாரையும் கொல்வதில்லை. நேரம் போதாமல் வருகிறவனுக்கு அது இருபது நிமிடம் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். பஸ்ஸில் வருகிறவனுக்கு அது கிடையாது.

அதெல்லாம் வேண்டியிராது. முப்பத்தெட்டு நிமிடத்தில் இறங்கி, உன் ஜன்னலுக்கு நேராக நின்று கை ஆட்டுகிறேன், பார்.

தம்பி


ஏப்ரல் 25, வெள்ளி, மாலை 4:15

தம்பி,

நீ வந்திறங்கிய பிறகு கொடுக்கிறதற்கு என்ன கடிதம் என்று சிரிப்பாய். கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. 3:42-க்குக் கிளம்பியதாக உன் நிலையத்திலிருந்து செய்தி வந்தது. நீ விமானத்தில் இருப்பதால் வேறு யாரோ அனுப்பிய செய்தி. மருத்துவரிடம் இன்னும் போகவில்லை, வந்ததும் திட்டு.

4:20. வரவில்லை.

கண்ணாடி பழக்கதோஷத்தில் பதிவேட்டை இழுத்து 4:20 என்று எழுதப் போனார். அவர் பேனாவைப் பிடுங்கினேன். "மேடம், முப்பத்தெட்டு ஆயிடுச்சே" என்கிறார் பாவம். எழுதட்டும் என்று விட்டிருக்கலாம்.

4:23. வானம் பளிச்சென்று இருக்கிறது. வானொலியில் இரைச்சல் மட்டும்.

உன் விமானத்தில் வேறு யாராவது அவசரமாக வந்திருக்கலாம். வாசலில் யாராவது அழுதுகொண்டு நிற்கிறார்களா என்று பார்த்துவரக் கண்ணாடியை அனுப்பினேன். யாரும் இல்லை என்கிறார். நன்றாகப் பாருங்கள் என்று மறுபடி அனுப்பினேன். யாருமே இல்லை.

தோள் வலி நின்றுவிட்டது. இத்தனை நாள் வலித்தது எங்கே போனதென்று தெரியவில்லை. இடது கை மட்டும் கனமாக, இடுப்பருகே எதையோ தேடிக்கொண்டிருக்கிறது. கண்ணாடி என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏதோ கத்துகிறார். வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. எனக்குக் காது அடைக்கிறது. டம்ளரில் தண்ணீர் நீட்டுகிறார். வேண்டாம், இப்போதுதான் குடித்தேன் என்றேன்.

எப்போது குடித்தேன்?

எனக்கு எதிரே இருக்கும் ஜன்னல் இவ்வளவு சின்னதா, தம்பி? ஓரமெல்லாம் வளைந்திருக்கிறது. வெளியே கீழே மேகம் தெரிகிறது.


அதே நாள். நேரம் எழுதுவதற்கில்லை, முள் நிற்கிறது

அக்கா,

எல்லோரும் தூங்குகிறார்கள். பணிப்பெண் தட்டோடு நிற்கிறாள். என் கப்பில் தண்ணீர் பாதிதான் இருக்கிறது, நான் தொடவில்லை.

சத்தம் நின்றதும் முதலில் கையெடுத்துக் கும்பிட்டேன், பக்கத்து சீட்டில் யாரும் வரக் கூடாது என்று. இவ்வளவு பேரில் வேறு யாருக்காவது இருக்கட்டும் என்று. எவ்வளவு மோசமானவன் பார். அப்போதுதான் பெல்ட் மாட்டும் சத்தம் கேட்டது. கூடவே காகிதம் சரசரத்தது. நீ இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறாய்.

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். இதைத் தபால் பையில் போட வேண்டியதில்லை, கையை நீட்டினால் போதும்.

அப்பா வந்தபோது நான் திரும்பவில்லை. சீட் காலியாக இருந்துவிடுமோ என்ற பயத்திலேயே அவர் முகத்தைப் பார்க்காமல் விட்டேன். இந்தத் தடவை அந்தத் தப்பைச் செய்யமாட்டேன். பேனாவை மூடிவிட்டுத் திரும்பப் போகிறேன்.

நமக்கு இருபது நிமிடம் இருக்கிறது. முதலில் நீ கத்தி முடி, அக்கா. நான் எங்கேயும் போகமாட்டேன்.